நோக்கம்

படிவத்தில் நாலாவது கட்டம் ஊர்.
ஐந்தாவது, சங்கத்தின் நோக்கம்.
இரண்டிலும் நான்
வாலிநோக்கம் என்று எழுதியிருந்தேன்.
மாவட்டப் பதிவாளர் ஆபீசில்
எழுத்தர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
"ஊரைக் கேக்கலை. எதுக்குச் சங்கம்?"

எதுக்கு என்றால்,
ஆடியில் ஒரு செவ்வாய்.
கச்சான் முற்றியிருந்தது.
களஞ்சியத்தின் வள்ளம் கரைக்கு வரவில்லை.
அதில் அவன், அவன் மச்சினன்,
மண்டபத்திலிருந்து கூலிக்கு வந்த ஒரு பையன்.
பையன் பெயர் அன்று யாருக்கும் தெரியாது.

எட்டு மணிக்குத் தெரிந்துவிட்டது.
எட்டிலிருந்து பதினொன்று வரை கரையில் நடந்ததை
அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்,
உப்புக் கம்பெனியில் எடைச்சீட்டு எழுதும் கை,
சும்மா இருக்காது:

நாகூர்கனி படகில் எஞ்சின் புதுசு, டேங்க் காலி.
சந்தியாகுவிடம் இரண்டு கேன் டீசல், கடனுக்கு வாங்கியது.
ஜமாத்தில் கேட்கலாம்.
கோயில் கணக்கில் இருக்கும், சாவி சாயல்குடியில்.
பங்குச்சாமி போனை எடுக்கவில்லை.
போன மாசம் என் வலை கிழிந்தபோது
களஞ்சியம் வந்தானா?
கேனுக்கு என்ன விலை?
கேன் திரும்பி வருமா?

பணம் இல்லாமல் இல்லை.
மடியில் ஆளுக்குக் கொஞ்சம் இருந்தது.
முதல் கைதான் நீளவில்லை.

பாசி எடுக்கிற ராக்கு அப்போது வந்தாள்,
விரல்களில் சுற்றிய துணியைக்கூட அவிழ்க்காமல்.
அந்த வாரப் பாசிக்காசு, ஈர நோட்டு,
மணலில் வைத்து மேலே ஒரு கல்லை வைத்தாள்.
"மூணு மணி நேரமாப் பேசுறீகளே,
வாயிக்கு எத்தனை லிட்டர் ஆச்சு?"

பதினொன்றுக்குப் படகு போனது.
விடியும்போது அப்பா தீவுக்கு இந்தப்பக்கம்
கவிழ்ந்த வள்ளமும்
அதன் மேல் இரண்டு பேரும்.

களஞ்சியத்துக்குப் பேச்சு வர மூன்று நாள்.
"கரை வெளிச்சம் தெரிஞ்சுக்கிட்டேதான் இருந்துச்சு.
பத்து மணிக்குக் கரண்டு போகுமே,
அதுக்குச் செத்த முன்னாடி
பய கையை விட்டுட்டான்.
ஒம்பதரை இருக்கும்."

நான் நோட்டைப் புரட்டினேன்.
ஒன்பதரை:
கேன் திரும்பி வருமா.

முதல் கூட்டம் நாகூர்கனி வீட்டு முற்றத்தில்.
உடைக்க வந்த ஏதோ ஒரு கப்பலின் அறைக்கதவு
இரண்டு டிரம்மின் மேல் மேசையாகக் கிடந்தது,
எந்த நாட்டு எழுத்தோ அதில் இன்னும் அழியாமல்.
சகோதரர் சங்கம் என்றார் சந்தியாகு.
"அப்ப என் காசைக் குடுங்க" என்றாள் ராக்கு.
உடன்பிறப்பு என்றால் கட்சி என்பார்கள்.
தேநீர் இரண்டு தடவை வந்தது.
கடைசியில் கூடப்பிறந்தார் சங்கம்,
யார் சொன்னதென்று குறிப்பில் இல்லை,
எனக்கும் ஞாபகமில்லை.

மாசம் தலைக்கு முப்பது ரூபாய்.
நீல பேரல் ஒன்று, இருநூறு லிட்டர்.
சாவி ராக்குவிடம்.
திறக்கக் கூட்டம் கூட வேண்டியதில்லை.
கணக்கு, கோபம், பழைய வலை
எல்லாம் படகு திரும்பிய பிறகு.

இதையெல்லாம் கட்டத்துக்குள் அடைக்க முடியுமா?
எழுத்தர் நல்ல மனுஷர். அவரே சொன்னார்:
"கல்வி, மருத்துவம், சமூக நல்லிணக்கம்,
எல்லாரும் போடுறதைப் போடுங்க."
போட்டோம். தப்பில்லை.
பேரல் வந்த பிறகு
இரண்டு பிரசவத்துக்கு ஆட்டோவுக்கும் அதுதான் ஊற்றியது.
பையனின் அம்மா வந்தபோது பஸ் செலவும்.
இருளாண்டி, பத்தொன்பது வயது
என்று அவள் சொல்லித்தான் தெரியும்.

அடியில் மிச்சமிருந்த இடத்தில்
நான் பொடி எழுத்தில் சேர்த்தேன்:
எட்டு மணிக்குத் தெரிந்தால்
எட்டேகாலுக்குப் புறப்படுவது.

முத்திரையைக் கையில் எடுத்தவர் நிறுத்தினார்.
"அதென்ன எட்டேகால்?
சட்டத்துல அப்படி நேரமெல்லாம் போடுறதில்லையே."

ராக்கு ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்,
"ஒம்பதரைக்கு முன்னாடிங்க."